நீரில் மூழ்கிய நாகார்ஜுனகொண்டா

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கல்லூரியின் இயற்பியல் மாணவர்களை அழைத்துக்கொண்டு நாகார்ஜுனசாகர் அணையைக் காணச் சென்றிருந்தேன். முதல் நாள் அணையைச் சுற்றிப் பார்த்தோம். மறுநாள் காலை விசைப்படகில் ஏறி, நீர்த்தேக்கத்தின் நடுவே தீவாக நிற்கும் நாகார்ஜுனகொண்டா குன்றுக்குச் சென்றோம்.

குன்றின் மேல் செங்கற்களால் ஆன, வட்ட வடிவமான பெரிய கட்டடம் ஒன்று இருந்தது. "சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன்பு பௌத்தர்கள் எழுப்பிய தூபியின் அமைப்பு இது. ஆனால் இது முதலில் இங்கே இருக்கவில்லை. கீழே, இப்போது தண்ணீர் நிற்கிறதே, அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தது. அணை கட்டியபோது இங்கே மாற்றி அமைத்தார்கள்" என்று மாணவர்களுக்கு விளக்கினேன்.

உடனே ஒரு மாணவி கேட்டாள்: "அப்படியானால் சார், நாம் பார்ப்பது உண்மையான தூபியா, இல்லையா?"

ஏதோ ஒரு பதிலைச் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் படகில் திரும்பும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு பழைய கட்டடத்தை இடம் மாற்றினால் அதில் எது நம்முடன் வருகிறது? எது பின்தங்கிவிடுகிறது? இது வரலாற்று ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. இயற்பியலுக்கும் இதில் பங்கு உண்டு. அன்று சொல்லாத விடையை இன்று உங்களோடு சேர்ந்து தேடிப் பார்க்கிறேன்.

மலைகள் காத்த பள்ளத்தாக்கு

கிருஷ்ணா நதி நல்லமலைத் தொடரைக் குடைந்துகொண்டு ஓடும் பகுதியில், அதன் வலது கரையில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. மூன்று பக்கம் மலைகள், ஒரு பக்கம் ஆறு. இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் பல்நாடு மாவட்டத்தில் இப்பகுதி உள்ளது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் இங்குதான் இட்சுவாகு மன்னர்களின் தலைநகரான விஜயபுரி விளங்கியது.

இம்மன்னர்கள் வேள்விகள் செய்தவர்கள். ஆனால் அரச குடும்பத்துப் பெண்கள் பலர் பௌத்த சங்கத்துக்கு வாரி வழங்கினர். மன்னன் வீரபுருஷதத்தனின் அத்தையான சாந்திசிறி என்பவர், மகாசைத்தியம் எனப்படும் பெரிய தூபியை எழுப்பச் செய்தார். அதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. முப்பதுக்கும் மேற்பட்ட பௌத்த நிலையங்கள் இந்த ஒரே பள்ளத்தாக்கில் இருந்தன. பௌத்தத்தின் வெவ்வேறு பிரிவினர் அருகருகே தங்கிப் பயின்றனர். ஒவ்வொரு விகாரையிலும் நடுவில் தூண்கள் நிறைந்த மண்டபம், சுற்றிலும் துறவிகள் தங்கும் சிறிய அறைகள், தூபி, வழிபாட்டிடம் என்று அமைந்திருந்தன. மண்டபத்தில் பாடம் கேட்பது, அறையில் ஓதிப் பழகுவது என்று அவர்கள் நாள் கழிந்திருக்கும். இன்றைய விடுதியுடன் கூடிய கல்லூரியை நினைத்துக்கொள்ளுங்கள்!

போதிசிறி என்னும் பெண்மணி அளித்த கொடையைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்று இங்குக் கிடைத்தது. இலங்கையைச் சேர்ந்த தேரர்கள் எந்தெந்த நாடுகளில் அறநெறியைப் பரப்பினார்கள் என்று அது ஒரு பட்டியல் தருகிறது. காஷ்மீரம், காந்தாரம், சீனம், வங்கம், வனவாசி, யவனம் என்று நீளும் அப்பட்டியலில் 'தமிள' என்ற பெயரும் வருகிறது. அது நம் தமிழகந்தான்! இவ்வளவு தொலைவிலுள்ள நாடுகளெல்லாம் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தவர்களின் நினைவில் இருந்தன என்பது வியப்பாக இல்லையா?

இட்சுவாகு ஆட்சி 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிந்தது. காலப்போக்கில் விகாரைகள் இடிந்தன. மண்ணும் முட்புதரும் மூடிக்கொண்டன. 1926-இல் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவைச் சேர்ந்த ரங்கசாமி சரசுவதி இவ்விடத்தைக் கண்டு, எழுத்துப் பொறித்த தூண்களைப் பற்றி உலகுக்குத் தெரிவித்தார். 1927 முதல் 1931 வரை லாங்ஹர்ஸ்ட் அங்கு அகழாய்வு நடத்தினார். 1938-இல் டி. என். ராமச்சந்திரன் அதைத் தொடர்ந்தார்.

சக்கரத்துக்குள் மண்

மகாசைத்தியத்தைத் தோண்டியபோது அதன் உள்ளமைப்பு வெளிப்பட்டது. அதன் விட்டம் 106 அடி, அதாவது சுமார் 32 மீட்டர். உள்ளே முழுவதும் செங்கல் இல்லை. மேலிருந்து பார்த்தால் ஒரு பெரிய வண்டிச் சக்கரம் போல் தெரிந்தது. நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், வெளியே வட்டை. எல்லாம் செங்கல் சுவர்கள். சுவர்களுக்கு இடைப்பட்ட அறைகளில் மண்ணை நிரப்பி, மேலே செங்கல்லால் போர்த்திவிட்டார்கள்.

சக்கரம் பௌத்தர்களுக்கு அறத்தின் சின்னம். ஆனால் இந்த அமைப்பில் இயற்பியலும் இருக்கிறது. ஒரு கூடை உலர்ந்த மணலைத் தரையில் கொட்டுங்கள். அது கூம்பாகக் குவியும். அதன் சரிவு தரையோடு ஏறத்தாழ 30 முதல் 35 பாகை வரை கோணம் அமைக்கும். அதைவிடச் செங்குத்தாக மணலை நிறுத்த முயன்றால் சரிந்துவிடும். தூபியோ கவிழ்த்த கிண்ணம் போன்றது. அதன் அடிப்பகுதியில் சுவர் ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கிறது. ஆகவே உள்ளே இருக்கும் மண் எப்போதும் சுவரை வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு விசை? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை 1.6 டன் என்றும், மண் 10 மீட்டர் உயரத்துக்கு நிரப்பப்பட்டுள்ளது என்றும் வைத்துக்கொள்வோம். அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 16 டன் எடை கீழ்நோக்கி அழுத்தும். உலர்ந்த மண் பக்கவாட்டில் தருவது இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 5 டன். இப்போது ஆரக்கால்களே இல்லாத வெறும் வட்டச் சுவரை நினைத்துப் பாருங்கள். பீப்பாயைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டையைப் போல அச்சுவர் இழுபடும். அந்த இழுவிசையைக் காண, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்க வேண்டும். 5 × 16 = 80. சுவரின் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 80 டன் இழுவிசை! செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. மண் சாந்தில் வைத்துக் கட்டிய சுவர் பிளந்துவிடும்.

முழுவதும் செங்கல்லாலேயே கட்டிவிட்டால்? அங்குக் கிடைத்த செங்கற்கள் பெரியவை. நீளம் சுமார் 50 செ.மீ., அகலம் 25 செ.மீ., கனம் 8 செ.மீ. ஒரு கன மீட்டருக்கு 100 செங்கற்கள் வேண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 17 கிலோகிராம் இருக்கும். 16 மீட்டர் ஆரமுள்ள அரைக்கோளத்தின் கன அளவை நீங்களே கண்டுபிடியுங்கள். எட்டரை இலட்சம் செங்கற்களுக்கு மேல் வரும். அவ்வளவையும் சுட எத்தனை விறகு வேண்டும்!

சக்கர அமைப்பு இரண்டு தொல்லைகளையும் தீர்க்கிறது. ஓர் ஆரக்கால் சுவரின் இருபுறமும் மண் இருப்பதால் இருபக்க அழுத்தமும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. அதனால் அச்சுவர் சாயாது. வட்டைச் சுவரோடு கோத்துக் கட்டப்பட்டிருப்பதால் அது வட்டையைப் பின்னால் பிடித்துக்கொள்கிறது. மண்ணுக்கும் ஆரக்காலுக்கும் இடையே உள்ள உராய்வு அந்தப் பிடியை இன்னும் இறுக்குகிறது. செங்கல்லும் மிச்சம், உறுதியும் மிகுதி. இன்று பொறியாளர்கள் உயரமான மண் தடுப்புச் சுவர்களின் பின்னால் இடைவெளி விட்டுக் குறுக்குச் சுவர்கள் எழுப்புவதும் இதே காரணத்தால்தான்.

நாற்புறமும் படிகள்

அப்பள்ளத்தாக்கில் கிடைத்த மற்றோர் அரிய கட்டடம் திறந்தவெளி அரங்கு. நடுவில் நீள்சதுரமான ஆடுகளம். நான்கு பக்கமும் மேலே மேலே உயரும் படி வரிசைகள். செங்கல்லால் கட்டி, மேலே கற்பலகை பதித்திருந்தார்கள். பண்டைய இந்தியாவில் இத்தகைய அரங்கு காண்பது மிக அரிது.

சமதளமான மைதானத்தில் ஒருவர் பேசினால் பின்வரிசையில் இருப்பவருக்கு ஏன் சரியாகக் கேட்பதில்லை? முதற்காரணம் தொலைவு. ஒலியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. 5 மீட்டரில் இருப்பவருக்குக் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்குதான் 20 மீட்டரில் இருப்பவருக்குக் கிடைக்கும். இரண்டாவது காரணம், முன்வரிசைகளில் உள்ளவர்களின் தலைகளையும் உடைகளையும் உரசிக்கொண்டு செல்லும் ஒலி வழியிலேயே உட்கவரப்படுகிறது. படிகள் அமைத்தால் இந்த இரண்டாவது இழப்பு பெருமளவு நீங்கும். பேசுபவரின் முகம் தெரிந்தால் அவர் குரலும் நேராக வந்து சேரும்.

கற்பலகைகள் ஒலியை நன்றாக எதிரொளிப்பவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேராக வரும் ஒலிக்குப் பின் ஏறத்தாழ 1/20 வினாடிக்குள் எதிரொளித்த ஒலி வந்துவிட்டால், நம் காது இரண்டையும் ஒன்றாகவே கேட்கும், குரல் வலுப்படும். 1/20 வினாடியில் ஒலி கடக்கும் தொலைவு 17 மீட்டர். சிறிய அரங்கில் இரு பாதைகளின் வேறுபாடு பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். எனவே எதிரொலி குழப்பாது, உதவும்.

அணையா, தொல்லிடமா?

1950-களின் தொடக்கத்தில் கிருஷ்ணா நதியில் பெரிய அணை கட்ட முடிவாயிற்று. வானம் பொய்த்தால் வயிறு காயும் மாவட்டங்களுக்கு நீர் வேண்டியிருந்தது. 1955 டிசம்பர் 10-ஆம் நாள் பிரதமர் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கல் சுமந்து கட்டிய அந்த அணை 124 மீட்டர் உயரம் உடையது. 1967-இல் கால்வாய்களில் நீர் திறக்கப்பட்டது. இன்று அதன் கால்வாய்கள் ஆந்திரம், தெலங்கானா ஆகிய இரு மாநிலங்களிலும் இலட்சக்கணக்கான ஏக்கர் நிலத்துக்கு நீர் தருகின்றன. அணையின் முதன்மை மின் நிலையத்தின் திறன் 816 மெகாவாட்.

ஆனால் அந்த நீர் நிற்க வேண்டிய இடத்தில்தான் பள்ளத்தாக்கு இருந்தது. அங்கு வாழ்ந்த மக்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அவர்களோடு பழைய விஜயபுரியும் போக வேண்டியதாயிற்று.

எது முக்கியம்? சோறா, சரித்திரமா? இக்கேள்விக்கு எளிதான விடை இல்லை. அன்று எடுத்த முடிவு இதுதான்: அணை எழும், ஆனால் நீர் ஏறுமுன் பள்ளத்தாக்கு முழுவதையும் ஆராய்ந்து முடிக்க வேண்டும். 1954-இல் ஆர். சுப்பிரமணியம் தலைமையில் ஒரு குழு வேலையைத் தொடங்கியது. 1960 வரை ஆறு ஆண்டுகள் அகழாய்வு நடந்தது. பழைய கற்காலக் கருவிகள் முதல் பிற்காலக் கோட்டை வரை, மனிதன் அங்கு வாழ்ந்த தடயங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. மேற்கூறிய திறந்தவெளி அரங்கும் இந்த அகழாய்வில் கிடைத்ததே.

பிறகு முக்கியமான கட்டடங்கள் சில குன்றின் மேலும், வேறு சில நீர்த்தேக்கத்தின் கரையிலுள்ள அனுபு என்னும் இடத்திலும் மீண்டும் அமைக்கப்பட்டன. மகாசைத்தியம் குன்றின் மேல் வந்தது; அரங்கு அனுபுக்குச் சென்றது. சிற்பங்களுக்காகக் குன்றின் மேல் 1966-இல் ஓர் அருங்காட்சியகம் ஏற்பட்டது. மூழ்கிய பள்ளத்தாக்கின் மாதிரி உருவத்தையும் அங்கே வைத்தார்கள்.

அதே ஆண்டுகளில் எகிப்திலும் இதே சிக்கல் எழுந்தது. நைல் நதியின் அசுவான் அணைக்காக, அபு சிம்பெல் கோயில்களை 1964 முதல் 1968 வரை பாறைத் துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி மீண்டும் பொருத்தினார்கள். அது பாறையில் குடைந்த கோயில். அறுத்து எடுக்க முடிந்தது. மண் நிரப்பிய செங்கல் தூபியை அப்படித் தூக்க முடியாது. அளவெடுத்துப் பிரித்து, வேறிடத்தில் திரும்பக் கட்டத்தான் முடியும்.

தண்ணீரிலேயே விட்டிருந்தால்?

"எதற்கு இத்தனை தொல்லை? தண்ணீருக்குள் அப்படியே பத்திரமாக இருக்காதா?" என்று நீங்கள் கேட்கலாம்.

நீரின் அழுத்தம் மட்டும் செங்கல்லை நொறுக்கிவிடாது. 30 மீட்டர் ஆழத்தில் நீர் தரும் அழுத்தம் மூன்று வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம் என்றாலும், செங்கல்லில் நுண்துளைகள் உள்ளன. நீர் அவற்றுக்குள் புகுந்து உள்ளேயும் அதே அழுத்தத்தைத் தருகிறது. தொல்லை வேறிடத்தில் உள்ளது. மண் சாந்து ஊறிக் கரைகிறது. நீருக்குள் மிதப்பு விசை இருப்பதால் ஒவ்வொரு செங்கல்லும் தன் எடையில் ஒரு பகுதியை இழந்ததுபோல் ஆகிறது. சுவரை நிறுத்தி வைத்திருந்த பிடிமானம் தளர்கிறது.

மேலும், நீர்த்தேக்கத்தின் மட்டம் ஒரே நிலையில் நிற்பதில்லை. மழைக்காலத்தில் ஏறும், கோடையில் இறங்கும். கரையோரத்துக் கட்டடங்கள் நனைந்தும் உலர்ந்தும் மாறிமாறித் துன்புறும். உலரும்போது நுண்துளைகளில் உப்புப் படிகங்கள் வளர்ந்து செங்கல்லின் மேற்பரப்பை உதிர்க்கும். நம் ஊர்களில் ஈரம் ஏறிய பழைய சுவரின் அடியில் வெண்மையாகப் பூத்து, காரை உதிர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் இது. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆறு கொண்டுவரும் வண்டல் படிந்துகொண்டே போகும்.

எது வந்தது, எது வரவில்லை?

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம்.

வடிவம் இடம் பெயரக்கூடியது. விட்டம், சுவரின் கனம், ஆரக்கால்களின் அமைப்பு, படியின் உயரம், திசை ஆகியவற்றைச் சரியாக அளந்திருந்தால் வேறிடத்தில் அதே வடிவத்தை எழுப்பலாம். வடிவத்தைப் பொறுத்த இயற்பியலும் கூடவே வந்துவிடும். அனுபுவில் உள்ள அரங்கின் படியில் நின்று ஒலி எப்படிப் பரவுகிறது என்று ஆராயலாம். தூபியின் ஆரக்கால்கள் மண்ணை எப்படித் தாங்கின என்று குன்றின் மேல் நின்று விளங்கிக்கொள்ளலாம். இந்த அளவில் நாம் பார்ப்பது உண்மையே.

வராதது எது? சூழ்ந்திருந்த மண்! தொல்லியலில் ஒரு பொருள் எது என்பதைப் போலவே, அது எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதும் முக்கியம். வீட்டுப் பரணில் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்தால், அடியில் இருப்பது பழையது என்று தேதியைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அடுக்கைக் கலைத்துவிட்டால்? மண்ணடுக்குகளும் அப்படித்தான். மகாசைத்தியத்தில் சிறு எலும்புத் துண்டு ஒன்று தங்கப் பேழையிலும், அது வெள்ளிப் பேழையிலுமாக வைத்துப் புதைக்கப்பட்டிருந்தது. அது தூபியின் நடுவில் இல்லை. ஓரத்து அறை ஒன்றில் இருந்தது. பேழை எங்கிருந்தது என்பதை எழுதி வைக்காமல் அதை மட்டும் எடுத்துவந்திருந்தால் இச்செய்தி நமக்குத் தெரிந்திராது.

செங்கல்லின் வயதைக் காணும் முறை ஒன்றைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். அதற்கு வெப்ப ஒளிர்வு முறை என்று பெயர். செங்கல்லில் குவார்ட்சு போன்ற படிகத் துகள்கள் உள்ளன. செங்கல்லிலும் சுற்றியுள்ள மண்ணிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்க அணுக்கள் மிகச் சிறிதளவு இருக்கும். அவற்றின் கதிர்கள் படிகத்திலுள்ள எலெக்ட்ரான்களைப் பெயர்த்துவிடுகின்றன. பெயர்ந்தவற்றுள் சில, படிகத்தின் குறைபாடுள்ள இடங்களில் பொறியில் அகப்பட்ட எலிபோல் சிக்கிக்கொள்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த எண்ணிக்கை கூடும். சூளையில் சுடும்போது பழைய கணக்கெல்லாம் அழிந்து சுழியாகிவிடும். ஆகவே சூளையிலிருந்து வெளிவந்த நாளே கணக்கின் முதல் நாள்.

ஆய்வுக்கூடத்தில் அத்துகளை மீண்டும் சூடாக்கினால், சிக்கியிருந்த எலெக்ட்ரான்கள் விடுபட்டு மெல்லிய ஒளி வெளிப்படும். அந்த ஒளியை அளந்து, செங்கல் இதுவரை பெற்ற மொத்தக் கதிர்வீச்சைக் கண்டறியலாம். அதை ஓர் ஆண்டில் பெறும் கதிர்வீச்சால் வகுத்தால் வயது கிடைக்கும்.

இங்கேதான் நம் கேள்வி வருகிறது. ஓர் ஆண்டில் பெறும் கதிர்வீச்சில் ஒரு பகுதி செங்கல்லுக்குள்ளிருந்து வருகிறது. மற்றொரு பகுதி, சுற்றிலும் ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவுக்குள் உள்ள மண்ணிலிருந்து காமாக் கதிர்களாக வருகிறது. செங்கல்லை மட்டும் எடுத்துவந்து மண்ணை நீருக்கடியில் விட்டுவிட்டால், வகுக்க வேண்டிய எண்ணில் ஒரு பகுதி காணாமல் போய்விடும்! செங்கல் நம் கையில் இருக்கும். அதன் வயதைத் துல்லியமாகக் கேட்டால் தயங்கும்.

உண்மையில் காப்பாற்றியது எது?

ஆகவே, நாகார்ஜுனகொண்டாவைக் காப்பாற்றியது படகும் சுமையுந்தும் மட்டுமல்ல. அளவு நாடாவும், வரைபடமும், குறிப்பேடும், புகைப்படமுமே அதைப் பெரிதும் காப்பாற்றின. ஓர் அகழாய்வை இரண்டாம் முறை செய்ய முடியாது. நம் ஆய்வுக்கூடத்தில் ஊசல் சோதனையில் தவறு செய்தால் மறுபடி ஊசலை ஆட்டலாம். தோண்டிய குழியை மறுபடி தோண்ட முடியாது. அதிலும் இங்கே நீர் ஏறிக்கொண்டிருந்தது.

இதில் நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. 1954 முதல் 1960 வரை நடந்த அகழாய்வைப் பற்றிச் சுருக்கமான ஆண்டறிக்கைகள் அவ்வப்போது வந்தன. ஆனால் முழு அறிக்கையின் முதல் தொகுதி 1975-இல்தான் வெளிவந்தது. வரலாற்றுக் காலத்தை விவரிக்கும் இரண்டாம் தொகுதி வெளிவந்ததோ 2006-இல்! தோண்டி முடித்து 46 ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவரை பள்ளத்தாக்கைப் பற்றிய பல செய்திகள் குறிப்பேடுகளிலேயே தங்கியிருந்தன. குறிப்பெடுத்தவர்களுள் எத்தனை பேர் அந்நூலைக் கையில் வாங்கிப் பார்க்கக் கொடுத்துவைத்திருப்பார்கள்? தண்ணீரில் மூழ்குவதற்கும் அலமாரியில் மூழ்குவதற்கும் படிப்பவனைப் பொறுத்தவரை அதிக வேறுபாடு இல்லை. அளந்தால் போதாது, அளந்ததைப் பிறர் படிக்கும்படி வெளியிடவும் வேண்டும். அறிவியலில் பாதி வேலை அதுதான்.

அந்த மாணவியை இப்போது பார்த்தால் இப்படிச் சொல்வேன்: "அம்மா, குன்றின் மேல் நீ பார்த்தது தூபியின் வடிவம். அதன் மண் நீருக்கடியில் இருக்கிறது. அந்த மண் சொன்ன செய்தி, எழுதி வைத்தவரைக்கும் புத்தகத்தில் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது முழுத் தூபி."

செய்து பாருங்கள்

முதற்சோதனை: தபால் அட்டையை 4 செ.மீ. அகலப் பட்டைகளாக நறுக்குங்கள். ஒரு பட்டையை வளையமாக வளைத்து, முனைகளைச் சிறிது பசையால் ஒட்டித் தரையில் நிறுத்துங்கள். அதில் உலர்ந்த மணலை நிரப்பி, மேலே ஒரு வட்ட அட்டையை வைத்து, எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எந்த எடையில் ஒட்டு விடுகிறது? இப்போது அதே அளவுள்ள வேறொரு வளையத்துக்குள் குறுக்கே பட்டைகளை ஆரக்கால்கள் போல ஒட்டி, மறுபடியும் செய்யுங்கள். இரண்டு எடைகளையும் ஒப்பிடுங்கள்.

இரண்டாவது சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். உங்கள் ஊரில் பழைய மண்டபமோ, சத்திரமோ, கல் பாவிய குளமோ இருக்கும். நண்பர்கள் நான்கு பேராகச் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவும் திசைகாட்டியும் எடுத்துச் செல்லுங்கள். நீளம், அகலம், படிகளின் எண்ணிக்கை, தூண்களின் இடைவெளி, செங்கல்லின் அளவு ஆகியவற்றைக் குறித்து, கட்டத்தாளில் ஒரு வரைபடம் போடுங்கள். எங்கும் தோண்ட வேண்டாம். எதையும் பெயர்க்க வேண்டாம். தாளின் மூலையில் தேதியும் உங்கள் பெயர்களும் எழுதி, ஒரு படியைப் பள்ளி நூலகத்தில் கொடுத்து வையுங்கள். சாலை அகலப்படுத்துவதற்காகவோ வேறு எதற்காகவோ அந்த மண்டபம் நாளை இல்லாமல் போகலாம். அப்போது அதைத் தேடி வருபவருக்கு உங்கள் தாள் ஒன்றுதான் விடை சொல்லும்.